நாரதர் பாடிய வேப்பூர்

கூட வேலை பார்க்கிற அக்காவின் வாயிலிருந்து விருத்தாசலத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்குவதும் சுட்ட பீங்கானில் ஆணி அடிப்பதும் ஒன்று. இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பீங்கானாவது விரிசல் விடும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, பெண்ணைப் பெற்று வளர்த்து, அவளையும் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்து முடித்த பிறகும் அக்காவுக்கு இது "உங்க ஊரு"தான்.

"உங்க ஊரு ஆத்துலதான் தண்ணி இல்லன்னு பாத்தா, கொழாயிலயும் இல்ல. எங்க வேப்பூர்ல…" என்று ஆரம்பிப்பாள். எனக்கு விருத்தாசலம் சொந்த ஊரே இல்லை, நான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒரே கும்பல்தான்" என்று என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள்.

வேப்பூரைத் தெரியாதவர்களுக்காக: சென்னையிலிருந்து திருச்சி போகிற பஸ்காரர்கள் டீ குடிக்க நிறுத்துகிற இடம் அது. நெடுஞ்சாலை, பரோட்டாக் கடை, லாரி, தூசு, மறுபடியும் லாரி. தூங்கி எழுந்த பயணிகள் ஜன்னல் வழியே பார்த்து "இது எந்த ஊரு?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் திரும்பத் தூங்கிப்போகிற ஊர். அக்கா சொல்லிக் கேட்டால் மட்டும் அங்கே மழை நேரத்துக்குப் பெய்யும், மாடு சண்டை போடாமல் பால் கறக்கும், மாமியார்கள் கூட மரியாதையாக இருப்பார்கள்.

நாங்கள் இருந்தது செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. மின்சார ப்யூஸ் கட்டையும், சீசனுக்குக் கொலு பொம்மையும் செய்தோம். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்தில் நிற்கிற பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைப்பது அக்காவின் வேலை. நான் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, நல்ல வேலை வரும்வரைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, பேக்கிங்கில் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தேன். பொம்மை சீக்கிரம் காயவில்லையென்றால் அக்கா ஜன்னலைப் பார்ப்பாள். "வேப்பூருப் பக்கத்துக் காத்து அடிக்கல, அதான்" என்பாள். சீக்கிரம் காய்ந்து வெடித்துவிட்டால், அது விருத்தாசலத்துக் காற்று.

பாட்டு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதலாளி பையன் பெங்களூரில் படித்துவிட்டு வந்து, வேலை செய்பவர்களுக்கு உற்சாகம் வேண்டும் என்று ஒரு ஸ்பீக்கரைக் கொண்டு வந்து மாட்டினான். அதில் அவனுடைய உற்சாகத்தைத்தான் போட்டான். ஒரே இங்கிலீஷ் ராக் பாட்டு. கிடாரைக் கடித்துத் தின்கிறானோ என்று சந்தேகம் வருகிற சத்தம். சினிமாப் பாட்டுப் போடச் சொல்லி நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தம்பி, நிறுத்து. அந்த எடத்தத் திரும்பப் போடு."

போட்டான். ஒரு வெள்ளைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

"கேட்டீங்களா எல்லாரும்? வேப்பூருன்னான். வேப்பூரு வேப்பூருன்னு ரெண்டு வாட்டி சொன்னான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், இங்கிலீஷ் படித்தவள் ஆயிற்றே. "அக்கா, அது 'வே பிஃபோர்'. ரொம்ப முன்னாடியேன்னு அர்த்தம். ரொம்ப முன்னாடியே எனக்கு உன்னத் தெரியும்னு பாடறாரு" என்றேன்.

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீ கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுல தொங்கிக்கிட்டே போயி இங்கிலீஷு படிச்சவ. வெள்ளக்காரன் சொல்ற இங்கிலீஷு உனக்கு எப்பிடிடி புரியும்?"

வெள்ளைக்காரருக்கு வேப்பூர் எப்படித் தெரியும் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. "மெட்ராஸ்லேர்ந்து திருச்சிக்குக் கார்ல போயிருப்பான். வழியில வேப்பூர்ல டீ குடிச்சிருப்பான். அந்த டீய குடிச்சிட்டு எவன் சும்மா இருப்பான்? பாட்டு வரத்தான் செய்யும்."

அன்றிலிருந்து அவர் நம்மாளு ஆகிவிட்டார். மற்றப் பாட்டெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அக்காவின் போனில் மாரியம்மன் இருந்த இடத்தில், முடியை விரித்துப்போட்டு மைக்கை விழுங்குகிற அவர் படம் வந்தது. கிடார் வேகமெடுக்கிற இடத்தில் ஸ்பாஞ்சு வேகமெடுக்கும், விநாயகருக்குக் காது தேய்ந்துபோகும். அந்தச் சீசனில் கடைக்குப் போன விநாயகர்களில் பாதிப் பேருக்குக் காது சின்னதுதான்.

இதற்கெல்லாம் வீட்டில் ஒரு எதிர்க்கட்சி இருந்தது, அக்காவின் வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் பிரச்சினை நியாயமானது.

"நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டுல நின்னு வேப்பூரு வேப்பூருன்னு தொண்ட கிழியக் கத்துறவன் நானு. எனக்கு ஒரு கைத்தட்டு உண்டா? அவன் ரெண்டு வாட்டி கத்துனா பாட்டா?"

"நீங்க கத்துனா ஊரு பேரே நாறிப்போவுது. அவன் கத்துனா மணக்குது" என்பாள் அக்கா.

அந்தப் பாட்டுக்காரருக்கு 'நாரதர்' என்று பேர் வைத்ததும் மாமாதான். காரணம் அக்காவின் கைவேலை. கொலு ஆர்டரில் தம்புராவோடு நிற்கிற நாரதர் ஒன்று, சூளைக்குப் போகும் முன்பே குடுமி உடைந்து கழிவில் கிடந்தது. அக்கா அதை எடுத்து, மிச்சக் குடுமியையும் சீவி, பச்சைக் களிமண்ணில் முடியை முதுகு வரைக்கும் இழுத்துவிட்டாள். தம்புராவை அகலமாக்கிக் கிடார் செய்தாள். சூளையில் வெந்து வந்ததும் முடிக்கு மஞ்சள் பெயிண்ட், சட்டைக்குக் கறுப்பு. முகம் மட்டும் நாரதராகவே இருந்தது, எந்த நேரமும் யார் வீட்டிலாவது சண்டை மூட்டிவிடப் போகிற அதே சிரிப்பு. டிவிக்கு மேலே வைத்தாள். "எங்க வூட்ல ரெண்டு பேருக்கு நடுவுல நாரதரு உக்காந்துட்டாரு" என்று மாமா பஸ்ஸில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் அக்கா பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும்: "நேத்து அம்மா வூட்டுக்குப் போயிட்டு வந்தேன்." அம்மா இறந்து பல காலம் ஆகிவிட்டது, தம்பி இருக்கிறான், அவன் வீட்டைத்தான் சொல்கிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு முன்னால் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப்பானை எல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கும். "எந்தம்பி சீரு அனுப்பிட்டான்" என்று ஒரு துண்டுக் கரும்பாவது எங்களுக்கு வந்துவிடும்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், திருச்சிக்குப் போய்விட்டு வேப்பூரில் பஸ் மாற இறங்கினேன். டீக்கடைக்குப் பக்கத்துக் கரும்புக் கடையில் மாமா நின்று கரும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். கணுவுக்குக் கணு தட்டிப் பார்த்து, பானையை வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, பெண் வீட்டுச் சீர் எடுக்கிற ஆள் மாதிரியேதான் எடுத்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அவகிட்ட சொல்லிடாதம்மா. தம்பி குடுத்தனுப்புனான்னுதான் சொல்லுவன்."

"அக்கா தம்பி வூட்டுக்குப் போயி வருதே மாமா?"

"எங்க போவுது? வூட்டப் பாகம் பிரிக்கிற சண்டையில ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. அவன் பொண்ணு மஞ்சத்தண்ணிக்குக்கூடச் சொல்லல. இவ என் பஸ்ஸுலதான் ஏறுவா. தோ, இந்த டீக்கடையில டீ குடிப்பா. எதுத்தாப்புல இருக்குது பாரு, அதான் அவன் தெரு. உள்ள போவ மாட்டா. அதே பஸ்ஸுல திரும்பி வந்துடுவா."

"சீரு தம்பி அனுப்புறதுதான்னு அக்கா நம்புதா?"

மாமா கரும்பைத் தோளில் ஏற்றினார். "நம்புறாப்புல இருக்குறா. போதாதா?"

அதன் பிறகு வேப்பூர்க் காற்று, வேப்பூர் மழை என்று அக்கா ஆரம்பித்தால் எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. உள்ளே போக முடியாத ஊரைத்தான் வாய் ஓயாமல் பேச வேண்டியிருக்கிறது என்று புரிந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அக்கா அடுத்த நிமிஷமே கருவேப்பிலங்குறிச்சி மாட்டையும் ஆட்களையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் திட்டியதில் போய்விட்டது.

இந்த நிலையில்தான் நாரதர் சென்னைக்குக் கச்சேரி செய்ய வருகிறார் என்று செய்தி வந்தது. முதலாளி பையனோடு போவதாக இருந்த சிநேகிதர்கள் கழன்றுகொண்டார்கள். மூன்று பாஸ் மிச்சம். அக்கா, மாமா, நான் என்று முடிவானது. மாமா வர மாட்டேன் என்றார். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாங்க. வந்து உங்க காதால கேளுங்க. அவன் வாயால வேப்பூருன்னு சொல்லலன்னா, இனிமே உங்க வூட்ல வேப்பூரு பேச்சையே எடுக்க மாட்டேன். இது எங்கம்மா மேல சத்தியம்."

மாமாவுக்கு வாயெல்லாம் பல். அப்போதே லீவு சொல்லிவிட்டு வந்தார். நாரதர் என்ன பாடப் போகிறார் என்று எங்கள் மூன்று பேரில் எனக்குத்தான் தெரியும். அக்கா தோற்றால் அவளிடம் மிச்சமிருக்கிற வேப்பூரும் போய்விடும். பேச்சுதான் மிச்சமிருந்தது.

அக்கா பட்டுப்புடவை கட்டி, தலை கொள்ளாத மல்லிகைப் பூவோடு வந்தாள். "அம்மா வூட்டு விசேஷத்துக்குப் போறாப்புல இருக்குது" என்றாள். சென்னையில் அந்த மைதானத்தில் எங்கே பார்த்தாலும் கறுப்பு டீ ஷர்ட்டு, மண்டை ஓடு படம். நடுவில் அரக்குப் பட்டு. கல்யாண மண்டபத்துக்கு வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு பேர் வழி சொல்ல வந்தார்கள். வாசலில் பையைத் திறந்து பார்த்த செக்யூரிட்டி, உள்ளே இருந்த நாரதரை வெளியே எடுத்தார்.

"என்னம்மா இது? கல்லு மாதிரி கனக்குது."

"உள்ள பாடப் போறாரே, அவருதான்."

செக்யூரிட்டி பொம்மையையும் வாசலில் இருந்த பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாரதர் மாதிரி இருக்குதேம்மா" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிடுங்கி வைத்த தண்ணீர் பாட்டிலுக்கும் லைட்டருக்கும் நடுவில் நாரதரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனோம். முதலாளி பையன் எங்களைத் தெரியாதவன்போல் முன்னால் போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

முதல் தடவை டிரம் அடி விழுந்தபோது அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளுக்குள்ள யாரோ மாவு இடிக்கிறாப்புல இருக்குதுடி!" அப்புறம் புகைக்குள்ளிருந்து அவர் வந்தார். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. போனில் இருந்த படம் எந்தக் காலத்துப் படமோ. வந்தவர் ஒல்லியாக, தலையில் பாதி முடி போய், ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தார்.

"எந்தம்பி வயசு இருக்கும்" என்றாள் அக்கா. பிறகு, "சாப்புட்டானோ என்னமோ" என்றாள்.

ஆனால் அந்த மனிதர் வாயைத் திறந்தாரே! கால் வலியாவது ஒன்றாவது. போனிலும் ஸ்பீக்கரிலும் கேட்டதெல்லாம் பாட்டே இல்லை என்று ஆகிவிட்டது. சத்தம் காலுக்கு அடியில் மண்ணிலிருந்து ஏறி வந்தது. அக்கா கையைத் தூக்கினாள், வளையல் எல்லாம் முழங்கைக்கு ஓடியது, ஒரு பாட்டு விடாமல் கூடவே பாடினாள். ஒரு வார்த்தையும் இங்கிலீஷ் இல்லை, ராகம் மட்டும் பிசகவே இல்லை. பக்கத்திலிருந்த மண்டை ஓட்டுப் பையன்கள் அவளுக்கு இடம் விட்டு வட்டமாக நின்றுகொண்டார்கள். கம்பெனியில் குனிந்தே பார்த்த ஒருத்தியை அன்றுதான் முழு உயரத்துக்குப் பார்த்தேன்.

அப்புறம் விளக்கெல்லாம் அணைந்து ஒன்றே ஒன்று மட்டும் எரிந்தது. டிரம் நின்றுவிட்டது. நாரதர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாதாரணக் கிடாரை எடுத்தார். அந்தப் பாட்டுதான், ஆனால் மெதுவாக. கத்தல் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக வந்தது. வே. பிஃபோர்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "ஏ புள்ள, நடுவுல எடம் உட்றான்டி."

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேன்னுட்டு நிறுத்துறான். அப்பறம் வேற என்னமோ சொல்றான். பூரு இல்லடி அது."

நான் முதல் நாளே சொன்னதைத்தான் இப்போது அவள் காதே அவளுக்குச் சொல்லியது. ஜெயித்த சந்தோஷம் துளிக்கூட வரவில்லை. இத்தனை வருஷம் கத்தியே பாடிய மனுஷனுக்கு இன்றைக்கென்று தெளிவு எதற்கு என்று அவர் மேல்தான் கோபம் வந்தது. அக்காவின் தூக்கிய கை இறங்கிவிட்டது. இறங்கிய கை புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டது, அழைக்காத வீட்டு வாசலில் நிற்கிறவள் மாதிரி.

மாமா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் ஜெயித்த ஆள். பின்கழுத்தைச் சொறிந்தார்.

"ஏ, அவன் சரியாத்தான் சொல்றான்" என்றார்.

"என்னா சரி?"

"வண்டி நிக்கிறப்ப வேப்பூரு வேப்பூருன்னு ஒண்ணாக் கத்துவோம். வண்டி நவுந்துட்டா, பின்னால ஓடி வர்றவனுக்குக் கேக்கணும்ல? அப்ப 'வே'ன்னு இழுத்து, மூச்சு வாங்கி, அப்பறந்தான் 'ப்பூரு'. இவன் வண்டி நவுந்துடுச்சு, அவ்ளோதான்."

"பொய் சொல்லாதீங்க."

"எத்தினி வருஷமாக் கத்துறன், எனக்குத் தெரியாதா?"

அதற்குள் டிரம் திரும்ப வந்துவிட்டது. எல்லா விளக்கும் எரிந்தது. நாரதர் எழுந்து மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார், இனி நீங்கள் பாடுங்கள் என்று. கூட்டம் வாய் திறப்பதற்குள் மாமா இரண்டு கையையும் வாயோரம் குவித்தார்.

"வேஏஏஏ…"

கண்டக்டர் தொண்டை. பஸ் ஸ்டாண்டில் நாலு பஸ் ஹாரனைத் தாண்டி எடுபடுகிற தொண்டை. மூச்சு வாங்கினார்.

"…ப்பூரேய்!"

டிரம் அடியில் கச்சிதமாகப் போய் விழுந்தது. பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த தடவை அவர்களும் சேர்ந்துகொண்டார்கள், இது ஏதோ ரசிகர்களின் வழக்கம் என்று நினைத்திருப்பார்கள். அதற்கடுத்த தடவை எங்கள் மூலை முழுக்க வேப்பூருக்கு ஆள் ஏற்றியது. நாரதர் பாட்டை நிறுத்திவிட்டார். எங்கள் பக்கம் பார்த்து, காதருகே கையை வைத்துக் கேட்டார். மாமா நரம்பு புடைக்க இன்னொரு தடவை கொடுத்தார். நாரதர் சிரித்தார். மைக்கை வாயில் வைத்து, நாக்கு புரளாமல் புரண்டு, "வேஏஏ… ப்பூர்ர்ர்!" என்று திருப்பிக் கத்தினார்.

நான் எம்.ஏ. இங்கிலீஷ். சத்தியமாகச் சொல்கிறேன், அது இங்கிலீஷ் இல்லை.

அக்கா மேடையைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மூக்கையும் துடைத்தாள். "போதும் நிறுத்துங்க, தொண்ட கட்டிக்கப்போவுது" என்றாள். அவர் நிறுத்தவில்லை.

சென்னையில் ஏறிய திருச்சி பஸ் எங்களை வேப்பூரில் இறக்கிவிட்டபோது விடிந்திருந்தது. வாசலில் திரும்ப வாங்கிய பொம்மை நாரதர் அக்காவின் மடியிலிருந்து இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரில் அக்கா தம்பியின் தெரு, ஒரு நாய் மட்டும் நின்றது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணியா இருக்குது" என்றாள்.

டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் புரையேறிவிட்டது. அக்கா டம்ளரை வைத்துவிட்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, நம்ம ஊருக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

மாமா டம்ளரோடு அப்படியே நின்றார். அவருக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது, காற்றுதான் வந்தது.

"எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்குத்தாங்க" என்றாள் அக்கா, ஓடி வருகிறவனுக்கும் கேட்கிற மாதிரி.